வேலையிடத்தில் விசுவாசம்: எதை விட்டுக்கொடுப்பது, எதில் நிலைத்து நிற்பது?

கேள்வி: சேர்வராயன் மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் வளர்ந்து, இப்போது சேலத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. எங்கள் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு என்று சபையோடு ஒட்டியே வளர்ந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடவுள் நம்பிக்கை என்பது வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம், படித்தவர்கள் அதை வேலைக்குள்ளும் நட்புக்குள்ளும் கொண்டுவரக் கூடாது என்ற எண்ணம் அங்கே எல்லாரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அதனால் மூன்று இடங்களில் எனக்கு இடிக்கிறது.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க வாடிக்கையாளருக்கான புதிய பதிப்பை வெளியிடும் பணி பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் வருகிறது. மாதத்தில் பாதி ஞாயிறுகளில் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. இரண்டு, மது. சென்ற மாதம் எங்கள் குழு ஏற்காட்டில் ஒரு விடுதியில் தங்கியது. இரவு விருந்தில் நான் மாம்பழச்சாற்றைக் கையில் வைத்திருந்தேன். உடன் பணிபுரியும் ஒருவர் அந்தக் குவளையை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "சிஸ்டர் இன்னும் கான்வென்ட்டில்தான் இருக்கிறார்" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார். அனைவரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். மூன்றாவதுதான் எனக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது. ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலைக்கு டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் என்று எழுதும்படி மேலாளர் கேட்கிறார், ஏனென்றால் வாடிக்கையாளர் பணம் தருவது மணிக்கணக்கில். இதுவரை நான் அப்படி எழுதவில்லை. இந்த மாதக் கணக்கை முடிப்பதற்குள் "சரிசெய்து" தரச் சொல்லியிருக்கிறார். தயங்கியபோது, "இதில் உன் மதத்தை ஏன் இழுக்கிறாய், எல்லாரும் செய்வதுதானே" என்றார்.

எல்லாவற்றுக்கும் எதிர்த்து நின்றால் இந்த வேலையில் நீடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் தலையசைத்தால் ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எதுவும் உண்மையாக இருக்காது. எதில் இறங்கிப் போகலாம், எதில் கூடாது என்பதை நீங்கள் எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? "ஜெபம் செய்யுங்கள்" என்பதோடு நிறுத்திவிடாமல் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன். ஜெபம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்

அன்பு மகளுக்கு, நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் பாரம் தாங்கவில்லை. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்.

டைம்ஷீட் விஷயத்தில் மேலாளர் சொன்னது ஒருவகையில் உண்மை: இதில் மதத்தை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. செய்யாத வேலைக்குப் பணம் கேட்பது எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் திருட்டுத்தான். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் வரி வசூலிப்போர் தீர்க்கதரிசி யோவான்ஸ்நானனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து யூதர்களுக்கு வரி வசூல் மிகவும் அருவருப்பான தொழில். ஆயினும் அவர் அந்தத் தொழிலை விட்டுவிடும்படி சொல்லவில்லை. விதித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னார். போர்ச்சேவகருக்கும் அப்படியே, ஒருவரையும் மிரட்டிப் பறிக்காமல் உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலையை விட வேண்டாம், கணக்கை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். இதில் பேரம் பேச இடமில்லை.

மதுவைப் பொறுத்தவரை, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடிக்காமல் இருப்பது ஏதோ கான்வென்ட் பழக்கம் என்று நினைப்பவர்கள் சேலத்தின் வரலாற்றை அறியாதவர்கள். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் நாள். கொண்டுவந்தவர், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி. வாரக் கூலி கள்ளுக்கடையில் கரைவதால் வீட்டில் அடுப்பு எரியாமல் போவதைக் கண்டவர்களின் கோரிக்கை அது. தோட்டத்து மேஸ்திரியின் மகளான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், குடிக்கும் நண்பர்களை அந்த மேசையிலேயே தீர்ப்புச் செய்யவும் வேண்டாம். விருந்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள், பேசுங்கள், நேரத்தோடு எழுந்து வாருங்கள்.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூத இளைஞர் தானியேலைப் பற்றி நம் சபைகளில் சிங்கக்கெபியில் (சிங்கக் குகையில்) அவர் போடப்பட்டதைத்தான் அதிகம் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு தானியேல் புத்தகத்தின் முதலாம் அதிகாரம் அதைவிட முக்கியமாகப் படுகிறது. பாபிலோனியர் அவருக்கு ஒரு புறஜாதித் தெய்வத்தின் சாயல் கொண்ட பெயரை வைத்தார்கள். அவர் மறுத்ததாக எழுதப்படவில்லை. கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் கற்றார், அரசன் சேவையில் அமர்ந்தார். அரசனுடைய உணவை ஏற்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். நின்ற விதத்தையும் கவனியுங்கள். அதிகாரியிடம் வேண்டிக்கொண்டார். அது நடக்காதபோது, தங்களைக் கவனிக்க நியமிக்கப்பட்டவனிடம் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று ஒரு வழியையும் தானே எடுத்துக்கொடுத்தார். இத்தனைக்கும் அந்தத் தீர்மானத்தைப் பந்தியில் உட்கார்ந்தபின் அவர் எடுக்கவில்லை, அதற்கு முன்பே எடுத்திருந்தார்.

ஞாயிறு விஷயத்திலும் அதையே செய்யுங்கள். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்ததை அறிந்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் அணியைக் கைவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே அட்டவணையைப் பார்த்து, தம் முடிவைச் சொல்லி, நானூறு மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, அதில் தங்கம் வென்றார். மறுப்பை முன்கூட்டியே சொன்னதால் அதன் சுமை அணியின் மேல் விழவில்லை, அவர்மேலேயே விழுந்தது.

பதில்: செவிலியர், நெத்திமேடு

ஆசிரியர் ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஞாயிறு பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை நோயாளிக்குச் செயற்கை சுவாசத்தை நிறுத்திவைக்க முடியாது. ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவர் யார் என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார்.

அதோடு, ஞாயிறு விடுமுறை என்பதே திருச்சபை பிறந்தபோது இருந்ததில்லை. ரோமப் பேரரசில் கான்ஸ்டன்டைன் மன்னர் 321ஆம் ஆண்டில்தான் நகரத்தாருக்கும் நீதிமன்றங்களுக்கும் அந்த நாளை ஓய்வுநாளாக்கினார். அப்போதும் உழவர்களுக்கு விலக்கு அளித்தார், பயிர் காத்திருக்காது என்பதால். அதற்கு முந்தைய கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகள், கூலிகள். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைந்து சென்றதை, ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. தங்கையே, ஏற்காட்டில் பழம் பறிக்கும் நாட்களில் உங்கள் அப்பாவும் அப்படித்தானே செய்திருப்பார்? பழுத்த காப்பிப் பழம் திங்கட்கிழமைக்காகக் கிளையில் காத்திருப்பதில்லை. சேலத்தில் பல சபைகளில் விடியற்கால ஆராதனையும் மாலை ஆராதனையும் நடக்கின்றன. கத்தோலிக்கரான எங்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றுவதாகவே எண்ணப்படும். கூடிவருதலை விட்டுவிடாதீர்கள். அது காலை ஒன்பது மணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் என் மனசாட்சிக்கு உறுதியில்லை.

பதில்: ஜங்ஷன் புரோகிராமர்

நானும் இதே துறைதான். நமக்கு ஞாயிறு காலை ஒன்பது மணி என்பது நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு, கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே பயன்படுத்துவோர் குறைவாக இருக்கும் நேரம் அது என்பதால்தான் அப்போது வெளியிடுகிறார்கள். உங்கள் நம்பிக்கையைக் குலைக்க யாரும் திட்டமிடவில்லை. குழுவில் ஒருவருக்குத் தீபாவளி இரவும் இன்னொருவருக்கு ரம்ஜான் மாலையும் முக்கியம். அந்த நாட்களை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, பணிப் பட்டியல் போடுவதற்கு முன்பே ஞாயிறு காலையைக் கேளுங்கள். யாரும் ஏற்க விரும்பாத நள்ளிரவுப் பணியை நீங்கள் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பதில்: வழக்கறிஞர், சேலம் நீதிமன்றம்

சட்டத்தின் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரம் முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாட மறுத்ததற்காக 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களை மீண்டும் சேர்க்கும்படி 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மரபு சகிப்புத்தன்மையைப் போதிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்னும் கருத்தோடு நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. அந்தப் பிள்ளைகள் யாரையும் அவமதிக்கவில்லை, எழுந்து நின்றார்கள் என்பதை நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது.

தனியார் நிறுவனத்தில் இந்தப் பிரிவைக் காட்டி நேரடியாக ஞாயிறு விடுமுறை கேட்க முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறையை உறுதி செய்கிறது. அது ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டத்தின்படி சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு வேறு ஐந்து பண்டிகை நாட்களும் தர வேண்டும். கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் அந்த ஐந்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாராவதற்கு முன் கேளுங்கள்.

டைம்ஷீட் விஷயத்தில் மட்டும் நான் வழக்கறிஞராக அழுத்திச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தணிக்கை செய்யும் நாளில், அந்தப் பதிவில் இருப்பது உங்கள் பெயர். வாய்மொழியாகச் சொன்ன மேலாளரின் பெயர் எங்கும் இருக்காது. "ஐந்து மணி நேரம் பதிவு செய்துள்ளேன், வேறு பணி இருந்தால் மீதி நேரத்துக்குத் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம்.

பதில்: பகுத்தறிவாளன், சேலம்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. 1944 ஆகஸ்ட் 27இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்த ஊர்க்காரன் நான், அந்த மரபில் வளர்ந்தவன். ஆனாலும் அந்தக் குவளையை முகர்ந்து பார்த்தவர் செய்தது பகுத்தறிவும் இல்லை, நாகரிகமும் இல்லை. கேலி செய்யப்பட்டும் கொள்கையை விடாமல் வாழ்வதென்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு, 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் நிறைவேறும் வரை சட்ட ஏற்பு இல்லை. அதுவரை எங்கள் பெண்களை ஊரார் பேசிய பேச்சு கொஞ்சமல்ல.

ஆகவே நீங்கள் நிற்பதை மதிக்கிறேன். ஆனால் உரிமையோடு ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உலகத்தோடு ஒத்துப்போகக் கூடாது என்று இங்கே இத்தனை பேர் எழுதுகிறீர்கள். மதுவிலும் ஞாயிற்றிலும் இருக்கும் இந்த உறுதி சாதியில் எங்கே போகிறது? கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வருகிறதே. நாளைக்கு அலுவலகத்தில் உங்கள் நண்பர் இதைக் கேட்டால், அவருக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அவர் எடைபோடுவார்.

பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்

பகுத்தறிவாளன் அவர்களே, கோபம் எதுவும் இல்லை. இந்தத் திரியில் எழுதப்பட்டவற்றில் மிகவும் தேவையான கேள்வி இதுதான், அதற்கு இந்த மண்ணிலேயே பழைய வரலாறு உண்டு.

மதுரையிலிருந்து இராபர்ட் தெ நோபிலி என்னும் இயேசு சபைத் துறவி 1623இல் நம் பகுதிக்கு, சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றவர். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்களே, அவற்றை விட்டால்தான் கிறிஸ்தவராகலாம் என்று கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என வாதிட்டார். அதே ஆண்டு சனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். உடையிலும் உணவிலும் மொழியிலும் அவர் காட்டிய பரிவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதே வாதம் சாதி வழக்கத்துக்கும் நீண்டது. உயர்த்தப்பட்ட சாதியாருக்கு ஒருவகைத் துறவியும், மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற வேறுவகைத் துறவிகளும் என்று பிரித்தே பணி நடந்தது. உடைக்குப் பொருந்திய வாதம் ஒரு மனிதனைத் தீண்டாமல் விலக்குவதற்கும் பொருந்துமா என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. பின்னாளில் சீர்திருத்தச் சபை மிஷனரிகள் பலர் 1850இல் சென்னையில் சாதியை விடாதவரைத் திருவிருந்தில் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனரிகள் உடன்படவில்லை. தீர்மானித்த சபைகளிலும் அது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

மகளே, உங்கள் கேள்விக்கும் இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விட்டுக்கொடுப்பதன் விலையை நாம் கொடுக்கிறோமா, வேறொருவர் கொடுக்கிறாரா என்று பாருங்கள். ஆராதனை நேரத்தை மாற்றிக்கொண்டால் வசதிக்குறைவு உங்களுடையது. பொய்க் கணக்குக்கு வாடிக்கையாளர் விலை கொடுக்கிறார். சாதிக்கு விலை கொடுப்பவர் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பாடும் சகோதரர்.

கேள்வி கேட்டவர்: சேர்வராயன் மகள்

அனைவருக்கும் நன்றி. இத்தனை விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு பற்றி டீம் லீடரிடம் பேசினேன். தீபாவளி வாரத்தையும் நள்ளிரவுப் பணிகளையும் நான் ஏற்பதாகச் சொன்னதும், அடுத்த பட்டியலில் ஞாயிறு காலையிலிருந்து என்னை விடுவித்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு தவிர்க்க முடியாது என்றார். அன்று விடியற்கால ஆராதனைக்குப் போய்க்கொள்கிறேன். டைம்ஷீட்டில் ஐந்து மணி நேரம் என்றே பதிவு செய்து, வழக்கறிஞர் ஐயா சொன்ன வாசகத்தை மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. வராந்தாவில் பார்த்தபோது, "ஊதிய உயர்வு நேரத்தில் இதைப் பேசுவோம்" என்றார். அதன் பொருள் எனக்குப் புரிகிறது. வேறு நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் அந்த எண்ணை மாற்றப் போவதில்லை.

பகுத்தறிவாளன் அண்ணன் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அத்தை தயாரித்த விவரத்தாளில் சபைப் பெயருக்கு அடுத்த வரியிலேயே சாதி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் பேசப் போகிறேன். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதியதைவிட இது எனக்குக் கடினமாக இருக்கிறது; அப்பா மறுப்பாரோ இல்லையோ, அத்தையும் சபைப் பெரியவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். தங்கள் குடும்பத்தில் இதைப் பேசி, உறவு முறியாமல் சம்மதிக்க வைத்தவர்கள் இங்கே இருந்தால், முதலில் யாரிடம் பேசினீர்கள், போதகரை எந்தக் கட்டத்தில் அழைத்தீர்கள் என்று எழுதுங்கள்.